சாலைப் பணியாளர்களுக்கு உடலில் அணியும் எச்சரிக்கைக் கருவி வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சாலைப் பராமரிப்புப் பணியாளர்கள், களப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்கள்

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
நெடுஞ்சாலைத் துறை

பொருள்: பணிப் பகுதிக்குள் புகும் வாகனங்களைப் பற்றிப் பணியாளர்களை உடனே எச்சரிக்கும் கருவிகளை ஒப்பந்த நிபந்தனையில் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஓடும் போக்குவரத்தை ஒட்டி நின்று தார் போடுவதும் குழி அடைப்பதும் கோடு போடுவதும் எங்கள் வேலை. அப்போது எங்கள் முகம் தரையைப் பார்த்திருக்கும். வாகனங்கள் முதுகுப் பக்கமாக வரும். துறை எங்களுக்கு ஒளிரும் மேலாடை தருகிறது. அது நாங்கள் நிற்பதை ஓட்டுநருக்குச் சொல்கிறதே தவிர, அவர் வருவதை எங்களுக்குச் சொல்வதில்லை. ஒளிரும் உடைகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 20471-இன் மிக உயர்ந்த மூன்றாம் வகுப்பு உடையில் 0.80 சதுர மீட்டர் ஒளிர்நிறத் துணியும் 0.20 சதுர மீட்டர் பிரதிபலிப்புப் பட்டையும் இருக்க வேண்டும். அத்தனையும் அணிந்து நின்றாலும், கண்ணயர்ந்த ஓட்டுநருக்கும் கைப்பேசியில் மூழ்கியவருக்கும் நாங்கள் தெரியப்போவதில்லை.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. பணியிடத்துக்கு 100 மீட்டர் முன்பாக அது எச்சரிக்கைக் கூம்புகளைத் தாண்டி உள்ளே புகுந்தால், எங்களுக்கு இருப்பது நாலரை விநாடி. அதற்குள் ஒருவர் தகவல் அறிந்து, நிமிர்ந்து, கையிலுள்ளதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். இப்போது அந்தத் தகவலைச் சொல்லக்கூடியவர் கொடி காட்டுபவர் மட்டுமே. அவரிடம் இருப்பது ஒரு விசில். சாலை உடைக்கும் இயந்திரத்தின் ஓசையோ அதை இயக்குபவர் காதருகே 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பானை அணிந்தால் விசில் கேட்காது. அணியாவிட்டால் சில ஆண்டுகளில் செவியே போய்விடும். தவிரவும், தறிகெட்டு வரும் வாகனத்தின் பாதையில் முதலில் நிற்பவர் அந்தக் கொடி காட்டுபவர்தான். உயிர் தப்ப ஓடும் நொடியில் அவர் எங்களுக்காக விசிலும் ஊத வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகத் தெரியவில்லை.

இதற்கான தொழில்நுட்பம் புதிதல்ல. பணிப் பகுதியின் தொடக்கத்தில் வைக்கப்படும் ரேடார், நெருங்கும் வாகனத்தின் வேகத்தையும் பாதையையும் அளக்கிறது. கூம்பில் பொருத்தப்படும் உணரி (சென்சார்), கூம்பு சாய்ந்த கணமே ரேடியோ சமிக்ஞை அனுப்புகிறது. பணியாளர் அணிந்துள்ள சிறு கருவி அதைப் பெற்று அதிர்கிறது, ஒலிக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில், வாகனமும் பணியாளரின் மேலாடையும் நேரடியாகத் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறையும் உருவாக்கப்பட்டது. ஆனால் அந்த முறைக்கு நெருங்கி வரும் வாகனத்திலும் கருவி இருந்தாக வேண்டும். சாலையில் ஓடும் பழைய லாரிகள் அனைத்திலும் அது வரும்வரை எங்களால் காத்திருக்க முடியாது. ஆகவே சாலையோர உணரியும் பணியாளர் அணியும் கருவியும் கொண்ட முறையையே நாங்கள் கேட்கிறோம்.

கருவியை உடலில் எங்கே அணிவது என்பது சிறிய விஷயம் போலத் தோன்றும். எங்களுக்கு அதுதான் முக்கியம். விற்பவர்கள் பெரும்பாலும் கைக்கடிகாரம் போன்ற வடிவத்தைக் காட்டுவார்கள். இயந்திரத்தின் அதிர்வில் ஏற்கெனவே மரத்துப்போன கைக்கு மணிக்கட்டில் வரும் அதிர்வு எப்படித் தெரியும்? தோல் நன்றாக உணர்வது 250 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வை. அதைத் தோள்பட்டையிலோ மேல்முதுகிலோ உடலை ஒட்டித் தர வேண்டும். மேலாடையின் வெளிப்பையில் தளர்வாகக் கிடந்தால் பயனில்லை. சாதாரண அறிவிப்புக்கும் ஆபத்துக்கும் ஒரே அதிர்வு இருக்கவும் கூடாது. அதிர்வுக்கு மொழி தேவையில்லை என்பதால், பல மொழி பேசுவோர் சேர்ந்து வேலை செய்யும் இடத்திலும், செவித்திறன் குறைந்தவருக்கும் அது உதவும். ஆனால் அதிர்ந்ததும் எந்தப் பக்கம் ஓடுவது என்பதைக் கருவி சொல்லாது. அதை ஒவ்வொரு பணி நேரத்தின் தொடக்கத்திலும் இடத்தைக் காட்டி முடிவு செய்ய வேண்டும்.

தவறான எச்சரிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புலி வருகிறது என்று நாளெல்லாம் கத்தும் கருவியை இரண்டாம் நாளே அணைத்துவிடுவோம். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கைப்பேசிச் செயலி போதும் என்று யாராவது தங்களிடம் சொன்னால் தயவுசெய்து ஏற்க வேண்டாம். ஒரு தடத்தின் அகலம் ஏறக்குறைய 3.5 மீட்டர். சாதாரண ஜிபிஎஸ் பல மீட்டர் பிழையோடு இடத்தைக் காட்டுகிறது. பக்கத்துத் தடத்தில் ஒழுங்காகச் செல்லும் வாகனத்துக்கும் எங்கள் மீது ஏற வரும் வாகனத்துக்கும் அதனால் வேறுபாடு காண முடியாது. பணியிடத்துக்குள் பின்னோக்கி வரும் ரோலரும் டிப்பர் லாரியும்கூட எங்களை நசுக்கக்கூடியவை. சில பத்து சென்டிமீட்டர் துல்லியத்தில் தூரத்தை அளக்கும் குறுந்தூர ரேடியோ கருவிகளை அவற்றில் பொருத்தச் செய்ய வேண்டும்.

இந்தக் கருவி வந்துவிட்டது என்று சொல்லித் தடுப்புச்சுவரையோ, புகும் வாகனத்தின் மோதலைத் தாங்க நிறுத்தப்படும் லாரியையோ, வேகக் கட்டுப்பாட்டையோ குறைக்க அனுமதிக்கக் கூடாது. அப்படிக் குறைப்பதானால் கருவியே எங்களுக்கு வேண்டாம். முடிந்த இடங்களில் போக்குவரத்தை வேறு வழியில் திருப்புவதே எல்லாவற்றையும்விட மேலானது. திருப்ப முடியாத இடத்துக்குத்தான் இந்தக் கோரிக்கை.

செலவை டெண்டரில் தனி இனமாகக் காட்ட வேண்டுகிறோம். பொதுச் செலவில் கலந்துவிட்டால் ஒப்பந்ததாரர் மலிவானதை வாங்கிக் கிடங்கில் பூட்டிவைப்பார். ஆய்வு நாளில் மட்டும் வெளியே வரும். மின்கலம் ஒரு முழுப் பணி நேரத்துக்குத் தாங்க வேண்டும். தாங்காது என்றால் கருவியே அதை முன்கூட்டி அறிவிக்க வேண்டும். மழை, வியர்வை, தார்ச்சூடு ஆகியவற்றில் கருவி சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். பணியாளர் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் அமர்ந்தார் என்ற பதிவைக் கூலிப் பிடித்தத்துக்கோ ஒழுங்கு நடவடிக்கைக்கோ பயன்படுத்தக் கூடாது என்பதையும் எழுத்தில் தர வேண்டும். இல்லையேல் பணியாளர்கள் கருவியைக் கண்காணிப்புச் சங்கிலியாகவே பார்ப்பார்கள், கழற்றி வைப்பார்கள்.

முதற்கட்டமாக, இரவுப் பணி நடக்கும் ஒரு சாலையிலும் பகல் பணி நடக்கும் ஒரு சாலையிலும் இதைச் சோதித்துப் பார்க்க ஆணையிடுமாறு வேண்டுகிறோம். சரியான எச்சரிக்கை எத்தனை, தவறானது எத்தனை, வராமல் போனது எத்தனை, வந்தபின் எத்தனை விநாடி மிஞ்சியது என்று பதிவு செய்யப்பட வேண்டும். முடிவை மதிப்பிடும் குழுவில் சாலையில் இறங்கி வேலை செய்பவர்களும் இடம்பெற வேண்டும். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சாலைப் பராமரிப்புப் பணியாளர்கள், களப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)