திட்டுவதற்கு முன் மூச்சைப் பாருங்கள்

சிங்கப்பூர் மருந்தகங்களில் பணியாற்றும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். உடல் பருமன் உள்ளவர்களைக் கொவிட்-19 கடுமையாகத் தாக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை அழுத்த, நுரையீரல் முழுதாக விரிய முடியாமல் போவதும், கொழுப்புத் திசு உடலில் அழற்சியை மூட்டியே வைத்திருப்பதும் நீங்கள் படித்தவை. நான் கேட்பது ஒன்றுதான்: பருமனான ஒருவர் கொவிட்டுடன் வந்தால், முதல் நாளே அவரை ஆபத்து மிகுந்த நோயாளியாகக் கருதுங்கள்.

உயரத்துக்கேற்ற எடையைக் கணிக்கும் உடல் எடைக் குறியீடு (BMI) என் தங்கைக்கு 33. சென்ற மாதம் சோதனைக் கருவியில் இரண்டு கோடு தெரிந்ததும் மருந்தகத்துக்குப் போகச் சொன்னேன். மறுத்துவிட்டாள். முன்பு முழங்கால் வலிக்காகப் போனபோது, வலி எங்கே என்று கேட்பதற்கு முன்பே "இப்படிச் சாப்பிட்டால் வலிக்காமல் என்ன செய்யும்?" என்றாராம் மருத்துவர், தாதியின் எதிரிலேயே. அந்தச் சொல்லுக்கு அஞ்சிப் பனடோலை விழுங்கிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தாள். படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியில் சாய்ந்தபடி இரவுகளைக் கழித்திருக்கிறாள். 2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த ஆக்சிமீட்டரைத் தேடியெடுத்து விரலில் மாட்டினோம். ரத்தத்தில் ஆக்சிஜன் 91 விழுக்காடு என்று, இருக்க வேண்டியதைவிடக் குறைவாகக் காட்டியது. ஆம்புலன்ஸில் மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது, பேக்ஸ்லோவிட் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை அறிகுறி தொடங்கியதிலிருந்து ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும் என்ற கெடு முடிந்திருந்தது. அந்த மருந்தைச் சோதித்த ஆய்விலேயே 25க்கு மேற்பட்ட எடைக் குறியீடு ஆபத்துக் காரணிகளில் ஒன்று. அவளுக்கு உதவியிருக்கக்கூடிய மருந்து இந்த ஊரில் இருந்தது. அதைக் கேட்டுப் பெறும் துணிவைத்தான் நீங்கள் பறித்துவிட்டீர்கள்.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. திருமண விருந்தில் இன்னும் இரண்டு வடை வைத்து உபசரிக்கும் உறவினர்களே, கைகழுவும் இடத்தில் "கொஞ்சம் உடம்பைக் குறைக்கக் கூடாதா?" என்கிறார்கள். இரவுப் பணி, தூக்கமின்மை, பரம்பரை எதையும் எவரும் கேட்பதில்லை. இந்த ஆற்றாமையையெல்லாம் உங்களிடம் கொட்டுவது முறையன்று, பொறுத்தருள வேண்டும்.

ஆசியர்களுக்கு எடைக் குறியீடு 27.5 ஆனாலே நோய் அபாயம் அதிகம் என்பது நம் சுகாதார அமைச்சின் அளவுகோல். அந்த எண்ணைக் கண்டிப்பதற்கு அல்லாமல் கவனிப்பதற்குப் பயன்படுத்துங்கள். ஆக்சிஜன் அளவைப் பாருங்கள். அறிகுறி என்று தொடங்கியது என்று கேளுங்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்து பொருந்துமா என்று அன்றே முடிவெடுங்கள். எடையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், குணமான பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, நோயாளியை உட்காரவைத்துப் பேசுங்கள். ஆனால் மூச்சையும் மருந்தையும், தயவுசெய்து, முதல் நாளே பாருங்கள்.

பணிவுடன்,
ஒரு நோயாளியின் அக்கா