இறங்கின எடையில் சதை எவ்வளவு?

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் போட்டால் மீட்டிங் என்கிறாய், அப்புறம் கூப்பிடுவதும் இல்லை. இங்கே எல்லோரும் நலம். வேலூர் வெயில் உனக்குத் தெரியாததா. அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது.

ஒன்பது கிலோ குறைத்துவிட்டாய் என்று தம்பி சொன்னான். நினைத்ததை முடிக்கிறவள் நீ, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் போனது கொழுப்பா, சதையா? எடை மெஷின் அதைப் பிரித்துச் சொல்லாது. கொழுப்பைக் கழித்தால் மிஞ்சுகிற சதை, எலும்பு, ஈரல், ரத்தம், தண்ணீர் எல்லாம்தான் உன்னைத் தாங்குகிறது. பட்டினி கிடந்தால் முதலில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். ஈரலிலும் சதையிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீர்ந்தால் தண்ணீரும் போய்விடும். அப்புறம் கொழுப்போடு சதையும் கரையும். பொங்கலுக்கு வந்தபோது குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவள், நடையிலேயே இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பார்த்தேன். கேட்க வாய் வரவில்லை.

கொழுப்பு சதவீதம் காட்டுகிற மெஷின் வாங்கியிருக்கிறாயாம். அது காலில் லேசாக மின்சாரம் விட்டு, உடம்பில் இருக்கும் தண்ணீரை வைத்துப் போடுகிற கணக்கு. தண்ணீர் குடிக்காத நாளில் வேறு எண் காட்டும்.

ஒல்லியாக இருந்தால் நோய் வராது என்றும் இல்லை. 2004-ல் லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகையில் புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் ஒன்றேதான், 22.3. யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நம் ஜனங்களின் உடம்புவாகு அப்படி. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது சதைதான். அப்பா வீட்டு வகையில் யார் யாருக்கு என்ன ஆனது என்று தெரிந்தும் அதையே கரைக்கிறாயே.

முட்டை சாப்பிடு. பருப்பு, சுண்டல், தயிர் சாப்பிடு. எடை தூக்கிப் பழகு. தூக்கினால்தான் சதை நிற்கும். மூன்று வேளையும் சாப்பிடு.

இதைத் தம்பி கண்ணில் படாமல் படி. மாதாமாதம் தலைக்குக் குளிப்பது ஒழுங்காக இருக்கிறதா? சாப்பாடு போதாவிட்டால் அது நின்றுபோகும், எலும்பும் தேயும். வார்டில் எத்தனையோ பெண்களைப் பார்த்தவள் சொல்கிறேன். நின்றிருந்தால் மறைக்காதே, டாக்டரிடம் போகலாம், நானும் கூட வருகிறேன்.

ஆரணிக்காரர்கள் சொன்னதற்காகத்தான் இத்தனையும் என்றால், அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியாயிற்று. அப்பாவும் சரி என்றுவிட்டார்.

சனிக்கிழமை காட்பாடியில் இறங்கு. புது மல்லாட்டை வந்திருக்கிறது, அவித்து வைக்கிறேன்.

அம்மா