பொன்னாங்கண்ணி நல்லதுதான், ஆனால்...

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கண் வறட்சியைச் சாப்பாட்டாலேயே விரட்டிவிடலாம் என்கிற மாதிரி ஒரு கட்டுரை வந்திருந்தது. பொன்னாங்கண்ணி, கேரட், பாதாம், நெய் என்று வரிசையாக அடுக்கி, கீரை கிடைக்காதவர்கள் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று வேறு எழுதி, இரண்டே வாரத்தில் பலன் தெரியும் என்று முடித்திருந்தார்கள். படித்ததும் எரிச்சலாக வந்தது, அதனால்தான் எழுதுகிறேன். கடுமையான கண் வறட்சியோடு பல வருஷமாகக் காலம் தள்ளுகிறவள் நான், ஊர் வீரவநல்லூர் பக்கம். சாப்பாட்டைக் குறை சொல்ல வரவில்லை. சாப்பாடு எதுவரைக்கும் கைகொடுக்கும் என்று சொல்லாமல் விட்டால், இருக்கிற சொட்டு மருந்தையும் நிறுத்திவிட்டுக் கீரைக்கட்டைத் தேடிப் போகிற ஆட்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கண்ணீர் என்றால் வெறும் தண்ணீர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மேலே இமையோரச் சுரப்பிகள் விடுகிற மெல்லிய எண்ணெய், நடுவில் தண்ணீர், அடியில் அதைக் கருவிழியோடு பிடித்து வைக்கிற வழவழப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கண்ணீர் விழிமேல் தங்கும். எண்ணெய் குறைந்தால் தண்ணீர் காற்றில் போய்விடும். கண் காய்ந்து உறுத்தியதும் உடம்பு பதறிப்போய் மொத்தமாகக் கண்ணீரைக் கொட்டும், கொட்டினது அத்தனையும் கன்னத்தில் வழிந்துவிடும், கண் காய்ந்தபடியே இருக்கும். எங்கள் மயினிக்கு இதைச் சொன்னால், "கண்ணுல தாரதாரயாத் தண்ணி ஊத்துது, இதப் போயி வறட்சிங்காவளே" என்று சிரிக்கிறாள்.

குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று ஊரே கிளம்புகிற ஆனி ஆடி மாதம்தான் எங்களை மாதிரி ஆட்களுக்குக் கஷ்டகாலம். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் காய்ந்து இறங்குகிற காற்றுதான் பணகுடியிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளைச் சுற்றுகிறது. கரண்டுக்கு நல்லது, என் கண்ணுக்கு ஆகாது. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை நான் விட்டுக்கொடுத்து வெகுகாலம் ஆகிறது, வெளியே போனால் பக்கவாட்டிலும் மறைக்கிற கண்ணாடி, ராத்திரி ஃபேன் முகத்துக்கு நேராக இல்லாமல் கால்பக்கம். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலையிலிருந்து குனிந்தபடி பீடி சுற்றுகிற பெண்களையும் இதில் சேர்க்க வேண்டும். புகையிலைத் தூசி ஒரு பக்கம், கைவேலையில் கண்ணை நட்டுவிட்டால் சிமிட்டுவது பாதியாகக் குறைந்துபோவது இன்னொரு பக்கம். செல்போன் பார்க்கிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். வைட்டமின் ஏ இல்லாவிட்டால் கண் வறளும் என்பது உண்மை. மாலைக்கண் வரும், வெள்ளைவிழியில் நுரைபோலத் திட்டு விழும், முற்றினால் கருவிழியே கரைந்து பார்வை போய்விடும். அந்தக் கொடுமையைத் தடுக்கத்தான் 1970-ல் மத்திய அரசு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கத் தொடங்கியது, இன்றைக்கும் 9 மாதத்தில் ஆரம்பித்து 5 வயதுவரை 6 மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுகிறார்கள். ஆனால் முருங்கைக்கீரையும் முட்டையும் பப்பாளியும் சாதாரணமாகச் சாப்பிடுகிற பெரியவர்களுக்கு வருகிற வறட்சியில் பெரும்பாலானது இந்தக் குறைவால் வருவதில்லை. குடல் ஆபரேஷன் ஆனவர்கள், ஈரல் கெட்டவர்கள், குடியே கதி என்று கிடப்பவர்கள் என்றால் சந்தேகப்படலாம், அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரை விஷயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மிஞ்சின வைட்டமின் ஏ வெளியே போகாது, ஈரலில் சேரும், அளவு கூடினால் ஈரலைக் கெடுக்கும், கர்ப்பிணிகள் எடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரலாம்.

மீன் எண்ணெய் மாத்திரையும் அப்படி நம்பி வாங்கும் சாமான்தான். அமெரிக்காவில் வறட்சிக்காரர்கள் 535 பேரை வைத்து, பெரும்பகுதிப் பேருக்குத் தினமும் மீன் எண்ணெயில் இருக்கிற ஒமேகா-3 என்கிற கொழுப்பு 3000 மில்லிகிராம், மீதிப் பேருக்கு ஆலிவ் எண்ணெய் என்று ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வந்த முடிவில் இரண்டு கூட்டத்துக்கும் ஓரளவு தேவலையானது, மீன் எண்ணெய்க்காரர்களுக்கு என்று தனியாகக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அதனால் நான் மாத்திரைக்குக் காசு கொடுப்பதில்லை. உவரிப் பக்கத்துச் சாளை வந்தால் வாங்கிக் குழம்பு வைக்கிறேன், உடம்புக்கும் நல்லது, நாக்குக்கும் நல்லது. தண்ணீர் தாராளமாகக் குடிக்கிறேன். அவ்வளவுதான் அடுப்படி செய்யக்கூடியது.

உண்மையில் கண்ணைக் காப்பாற்றுவது அலுப்புத் தட்டுகிற தினசரி வேலைதான். காலையில் பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் சுத்தமான வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிஷம். துணி சட்டென்று ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும், இதில்தான் எல்லோரும் சோம்பல்படுகிறார்கள். அப்புறம் மேல் இமையைக் கீழ்நோக்கி, கீழ் இமையை மேல்நோக்கி, மயிர்க்கால் பக்கமாக மெதுவாக நீவிவிட்டால் உறைந்துபோன எண்ணெய் இளகி வெளியே வரும். சொட்டு மருந்து நாளுக்கு 4 தடவைக்கு மேல் விடுகிறவர்கள் பிரிசர்வேட்டிவ் இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும், கெடாமல் இருக்கச் சேர்க்கிற அந்த மருந்தே நாள்பட்டால் விழியை அரிக்கும். படுக்கப் போகும்போது ஜெல். மெடிக்கலில் "கண்ணு செவந்திருக்கு" என்று சொல்லிக் கையில் கிடைத்ததை வாங்கி விடாதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருந்தால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும், டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வளரும். நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்மேல் வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது. சாறு பிழிந்து உள்ளே விடுவதும், விளக்கெண்ணெய், தாய்ப்பால் ஊற்றுவதும் கூடவே கூடாது. வறண்ட கருவிழியில் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு ஏற்கெனவே இருக்கும், கிருமி புகுந்தால் புண்ணாகிவிடும்.

கண்ணோடு வாயும் வறண்டு, தண்ணீர் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது, மூட்டும் வலிக்கிறது என்றால் சூடு என்று சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். ஷோக்ரென் என்று ஒரு நோய் இருக்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் தாக்குகிறது, வருகிற 10 பேரில் 9 பேர் பெண்கள். எனக்கு அதுதான். "வயசாச்சுன்னா அப்படித்தாம்மா" என்று என்னைத் திருப்பி அனுப்பின டாக்டரும் உண்டு. கண்டுபிடிக்க முதலில் தேவைப்பட்டது ஒரு காகிதத் துண்டு. கீழ் இமைக்குள் அதைச் செருகி 5 நிமிஷம் வைப்பார்கள், 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் கடுமையான வறட்சி. என் காகிதத்தில் ஈரம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பிறகு ரத்தப் பரிசோதனை, சைக்ளோஸ்போரின் சொட்டு (எதிர்ப்புச் சக்தியின் அந்தத் தாக்குதலை அடக்குகிற மருந்து; எரியும், பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்), கண்ணீர் வடிகிற துவாரத்தை அடைக்கிற சின்ன அடைப்பான். அதிலும் கேட்காதவர்களுக்கு அவர்கள் ரத்தத்திலிருந்தே சீரம் என்கிற தெளிந்த நீரைப் பிரித்துச் சொட்டு மருந்தாகச் செய்து தருகிறார்கள். இதில் ஒன்றுகூட உங்கள் கட்டுரையில் இல்லை. சளி, அலர்ஜிக்கு விழுங்குகிற செட்ரிசின் மாதிரி மாத்திரைகளும், பிரஷருக்கு நீர் பிரியக் கொடுக்கிற மாத்திரையும் கண்ணைக் காயவைக்கலாம் என்பதையும் காணோம். நாமாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் கேட்க வேண்டும்.

நம்ம பக்கம் கண் முகாம் என்றால் பெரும்பாலும் புரையும் கண்ணாடியும்தான் பார்க்கிறார்கள். அந்தக் காகிதத் துண்டையும் கொண்டுவந்தால் பீடி சுற்றுகிற ஊர்களில் எத்தனை பேர் இப்படித் தவிக்கிறார்கள் என்று தெரியும். இதை உங்கள் நிருபர்கள் யாராவது எழுதட்டும். அது முடியாவிட்டாலும் அந்த வைட்டமின் ஏ மாத்திரை வரிக்கு மட்டுமாவது, கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வீரவநல்லூர்