'போர் அடிக்கிறது' என்று எழுதியவருக்கும் வாசகர் வட்டத்துக்கும்

அன்புள்ள வாசகர் வட்டத்தினருக்கு,

வணக்கம். படைவீரர்கள் எழுதிய புத்தகங்களைப் பற்றி போன மாதம் நீங்கள் பேசியபோது கடைசி பெஞ்சில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் பேச்சு வந்தது.

ஒருவர், "வீரமே இல்லை, குளிரும் பேதியும்தான் இருக்கு" என்றார். இன்னொருவர், "சுட்டவனுக்கு என்ன கதை" என்று முடித்துவிட்டார். அந்தப் புத்தகங்களில் ஒன்றின் நூலகப் பிரதியிலோ, முகாமில் சும்மா உட்கார்ந்திருக்கும் அத்தியாயத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் 'போர் அடிக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். நம் பக்கம் போர் என்றால் வைக்கோல்போர், இல்லாவிட்டால் தண்ணீர் இறைக்கிற போர். மூன்றாவது போர் யுத்தம். அதற்குப் போய்வந்தவர் என் அப்பா. அதுவும் பாதி நாள் போரடித்தது என்றுதான் அவரும் சொல்லியிருப்பார்.

எங்களுக்கு வேதாரண்யம் பக்கம், கடைமடை. அப்பா 1987இல், இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். கோடியக்கரைக்கு எதிர்க்கரை அது. சோதனைக்குப் போன வீட்டில் கதவைத் திறந்த கிழவி "தம்பி" என்று கூப்பிட்டாளாம். அவர் வாயால் சொன்னது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் இருக்கிறது. அதில் சண்டை இரண்டு பக்கம் தேறாது. 'பூட்ஸ் காயவில்லை. திருச்சி ரேடியோவில் மேட்டூர் நீர்மட்டம் சொன்னான். நாற்று விட்டார்களா தெரியவில்லை.' இப்படியே போகிறது. நடுவில் ஒரு பக்கத்தில் அக்டோபர் தேதி மட்டும் இருக்கிறது. கீழே ஒன்றுமில்லை.

அந்த அக்டோபரில்தான் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். அப்பா அன்று எங்கே இருந்தார் என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்க அவர் இல்லை. அதனால் 'சுட்டவனுக்கு என்ன கதை' என்றவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த வெற்றுப் பக்கத்தையும் சேர்த்துத்தானே படிக்க வேண்டும்?

1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைக்குத் திரும்பியபோது தமிழர்களைக் கொன்ற படை என்று முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதில் ஒரு நியாயம் இருந்தது, அப்பாவே மறுத்ததில்லை. போன படையினரில் சுமார் 1,200 பேர் திரும்பவேயில்லை. தளபதிகள் அந்தப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். ஹவில்தார் எழுதியது நம் நூலக அலமாரியில் ஒன்றுகூடக் கிடையாது.

வீரம் தேடியவருக்கு ஒரு வார்த்தை. ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் முதல் உலகப்போர் நாவலில், சாகக் கிடப்பவனின் பூட்ஸ் அடுத்தவன் காலுக்குப் போகும். அவனும் செத்தால் இன்னொருவனுக்கு. போர்வீரர்களுக்குத் துரோகம் செய்கிறது என்று சொல்லித்தான் 1933இல் நாஜிகள் அதை எரித்தார்கள். எழுதியவரோ அந்தப் போரிலேயே காயம்பட்டவர்!

சரி, கேட்க வந்தது இதுதான். அடுத்த கூட்டத்துக்கு நம் ஊர் ரிட்டையர்டு பட்டாளத்துக்காரர்களையும் கூப்பிடுங்கள். எடுத்த எடுப்பில் "எத்தனை பேரைச் சுட்டீங்க" என்று கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டார்கள், லெட்டர் எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள். அப்புறம் அவர்களாகவே சொல்வதைச் சொல்லட்டும்.

நோட்டை நான் கொண்டுவருகிறேன். பென்சில்காரர் வந்தால் முதலில் அவரிடம்தான் கொடுப்பேன். அந்த ஓரக்குறிப்பை அழிக்க நூலகர் ரப்பரை எடுத்தார். இருக்கட்டும் சார் என்றுவிட்டேன்.

அன்புடன்,
அமைதிப்படை ஹவில்தார் ஒருவரின் மகள்