உடை வடிவமைப்பவர்களுக்கு, கிழிப்பு ஆலையிலிருந்து ஒரு திறந்த மடல்

ஆடைகளை வடிவமைப்பவர்களுக்கும், அவற்றுக்கான துணி, நூல், ஜிப், பொத்தான்களைத் தேர்வு செய்பவர்களுக்கும், அந்தத் தேர்வுக்குக் கையெழுத்திடும் நிறுவனத் தலைமைகளுக்கும் வணக்கம்.

நீங்கள் உருவாக்கும் ஆடை கடைசியில் வந்து சேரும் இடங்களில் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். இனி யாரும் உடுத்த முடியாது என்று ஒதுக்கப்பட்ட துணிகளைக் கிழித்து, மறுபடியும் பஞ்சாக்கும் ஆலை அது. உங்கள் மேசையில் எடுக்கப்படும் முடிவுகள் சில ஆண்டுகள் கழித்து எங்கள் இயந்திரத்தின் வாயில் வந்து நிற்கின்றன. ஆனால் உங்களில் பெரும்பாலோர் அந்த இயந்திரத்தைப் பார்த்ததே இல்லை. அது என்ன செய்கிறது, எதைச் செய்ய முடியாமல் திணறுகிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியவர்கள் நாங்கள்தான். அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒரு வெட்டு இயந்திரம் பழைய துணிகளை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக்கும். துண்டுகள் நகரும் பட்டையில் பரவலாக வந்து, ஒரு ஜோடி ஊட்டு உருளைகளுக்கு இடையே நுழையும். அந்த உருளைகள் துணியை இறுக்கிப் பிடித்தபடி மிக மெதுவாக முன்னே தள்ளும். அவற்றை ஒட்டினாற்போல, உடம்பெல்லாம் எஃகு முட்கள் பதித்த பெரிய உருளை ஒன்று அதிவேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். ஊட்டு உருளை விடாமல் பிடிக்கிறது. முள் உருளை பிய்த்து இழுக்கிறது. இந்த இரண்டு வேகங்களின் வேறுபாடுதான் கிழிப்பு. இங்கே கத்தி கிடையாது. முள் நூலைப் பற்றி இழுக்கும்போது, நூலின் முறுக்கு தளர்ந்தால் இழை வழுக்கிக்கொண்டு முழுதாக வெளியே வரும். தளராவிட்டால் இழை அறுந்துபோகும். எங்கள் தொழில் முழுவதும் இந்த ஒரு கணத்தில் அடங்கியிருக்கிறது.

ஒரே உருளையில் வேலை முடிவதில்லை. வரிசையாகப் பல உருளைகள் இருக்கும். அடுத்தடுத்த உருளைகளில் முட்கள் மெலிந்து, நெருங்கிக்கொண்டே போகும். விரிந்த பஞ்சைக் காற்று இழுத்துக்கொண்டு போகும். விரியாத துண்டுகள் கனமானவை என்பதால் பிரிந்து விழும். அவற்றை மறுபடி ஊட்டுப் பட்டைக்கே அனுப்புவோம். கிழிபடும்போது இழை அறுவதைக் குறைக்கத் துணியின் மேல் ஈரமோ எண்ணெய்க் கலவையோ தெளிப்பதும் உண்டு.

இரண்டு துணிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் பருத்தி. ஒன்று டி-ஷர்ட்டின் பின்னல் துணி. மற்றொன்று நெருக்கமாக நெய்த கெட்டியான கால்சட்டைத் துணி. பின்னல் துணியின் நூலில் முறுக்கு குறைவு. கண்ணிகள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்று வரும். முதல் உருளையைத் தாண்டியதுமே ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் பஞ்சு தெரியும், இடையிடையே நூல் துணுக்குகள் இருக்கும். கால்சட்டைத் துணி அதே உருளையிலிருந்து பாதி துண்டாகவும் பாதி தூளாகவும் வந்து விழும். பாவும் (நெடுக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) ஒன்றையொன்று அவ்வளவு இறுகப் பிடித்திருக்கும்போது, முள் இழுக்கும் இழுப்புக்கு இழையால் நழுவ முடியாது, அறுந்துதான் வரும். புதிய பருத்தி இழை ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கிழித்து எடுத்ததில் பெருமளவு அதில் பாதிகூடத் தேறுவதில்லை. குட்டை இழையை முறுக்கினால் நூல் நிற்காது. ஆகவே புதிய பருத்தியோ பாலியெஸ்டரோ கலந்து ஓப்பன் எண்ட் முறையில், அதாவது வேகமாகச் சுழலும் கிண்ணத்துக்குள் இழைகளைச் சேர்த்து முறுக்கும் முறையில், தடித்த நூலாக நூற்கிறார்கள். நூற்கவே முடியாதது மெத்தைக்குள்ளும் கார்களின் சத்தத் தடுப்பு அட்டைகளுக்குள்ளும் போய்விடுகிறது.

கெட்டியான துணியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. நன்றாக உழைக்கும் ஆடையைப் பத்து ஆண்டுகள் உடுத்துவதைவிடச் சிறந்த மறுசுழற்சி எதையும் எங்கள் இயந்திரத்தால் தர முடியாது. உழைப்புக்கும் உறுதிக்கும் உதவாத, ஆனால் எங்களிடம் வந்து எல்லாவற்றையும் கெடுக்கிற முடிவுகளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அவற்றில் முதலாவது ஸ்பான்டெக்ஸ். 1958-ல் அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமான டூபான்டில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இந்த இழை, தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வந்துவிடும். நீச்சல் உடைக்கும் விளையாட்டு உடைக்கும் மருத்துவக் கட்டுத்துணிக்கும் அது கட்டாயம் வேண்டும். அதில் வாதமே இல்லை. ஆனால் இன்று சாதாரணச் சட்டையிலும் கால்சட்டையிலும் காலுறையிலும் 2 சதவீதம், 3 சதவீதம் என்று அது சேர்ந்தே வருகிறது. உங்களுக்கு அது துணி விவரப் பட்டியலில் ஒரு சின்ன எண். எங்கள் உருளையில் அது வேறொன்று. முள் இழுத்தால் பருத்தி இழை ஒன்று நழுவும், அல்லது அறும். ஸ்பான்டெக்ஸ் இரண்டையும் செய்யாது; நீளும். நீண்டு நீண்டு, விடுபட்டதும் சுருண்டு, பக்கத்தில் இருக்கும் பருத்தியையும் தன்னோடு சுருட்டிக்கொண்டு சிறு சிறு உருண்டையாகிவிடும். உராய்வுச் சூட்டில் இளகி முட்களின் அடியில் ஒட்டிக்கொள்ளும். நாள் முழுக்க இப்படிப்பட்ட துணி ஓடினால், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, மூடியைத் திறந்து, முட்களின் இடுக்கில் பசைபோல் பிடித்திருப்பதைக் கொக்கியால் ஒவ்வொன்றாகக் கிளற வேண்டியிருக்கும். அந்தச் சின்ன எண்ணுக்காக மீதி 97 சதவீதப் பருத்தி தரம் இறங்கிப்போகிறது.

சற்றே இழுபடும் தன்மைதான் வேண்டுமென்றால் அதைப் பின்னலின் அமைப்பிலேயே கொண்டுவரலாம். நெய்த துணியில்கூட நூலின் முறுக்கையும் நெசவையும் கொண்டு ஓரளவு கொண்டுவர முடியும். நெசவுத் தொழில்நுட்பம் படித்த உங்களுக்கு இது தெரியாததா? ஸ்பான்டெக்ஸ் எளிது, எல்லா உடல்வாகுக்கும் ஒரே அளவில் பொருந்தும் என்பதால் சேர்க்கப்படுகிறது. அந்த வசதியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த நூல் அடுத்தது. இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லவேண்டும். பழைய துணியைக் கிழித்துப் புது நூலாக்கும் தொழிலை 1813-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள பேட்லியில் பெஞ்சமின் லா தொடங்கினார். பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து, புதுக் கம்பளியோடு கலந்து நூற்றார். முள் உருளையின் அடிப்படை அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. அந்தக் காலத்து ஆலைக்காரர்களுக்கும் கலப்புத் துணி ஒரு தலைவலியாக வந்தது. பருத்திப் பாவும் கம்பளி ஊடையுமாக நெய்த துணிகளை என்ன செய்வது? அமிலத்தில் நனைத்துச் சூடாக்கினார்கள். பருத்தி கருகி நொறுங்கித் தூசியாக உதிர்ந்தது, கம்பளி நின்றது. ஒன்றைப் பலிகொடுத்து மற்றொன்றை மீட்டார்கள்.

இன்றைய கலப்பை எங்கள் இயந்திரத்தால் பிரிக்கவே முடியாது. ஒரே நூலுக்குள் இரண்டும் இழையோடு இழையாகப் பின்னிக் கிடக்கும்போது, எது பருத்தி, எது பாலியெஸ்டர் என்று முள்ளுக்கு எப்படித் தெரியும்? கலந்து உள்ளே போனது கலந்தேதான் வெளியே வரும். வேதிமுறையில் இரண்டையும் பிரிக்கும் ஆலைகள் உருவாகிவருகின்றன என்பது உண்மை, மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றுக்கும் ஜிப் அகற்றி, துண்டாக்கிய துணிதான் தேவை. ஸ்பான்டெக்ஸ் அவற்றுக்கும் இடைஞ்சல்தான். "எதிர்காலத் தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கையில் இன்றைய ஆடையைச் சிக்கலாக்காதீர்கள்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. எஃகு முள்ளில் உலோகத் துண்டு மோதினால் பொறி பறக்கும். சுற்றிலும் காற்றில் மிதப்பது பஞ்சுத் தூசி. தீ பிடிக்க வேறென்ன வேண்டும்? இரும்பைக் காந்தம் பிடித்துவிடும். பித்தளை ரிவெட்டையும் (துணியில் அடிக்கும் சிறு உலோகக் குமிழ்), அலுமினிய ஜிப்பையும் பிடிக்காது. அதனால் இயந்திரத்துக்கு முன்பு மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு ஆடையாக எடுத்து, இடுப்புப் பட்டையையும் ஜிப் வைத்த பகுதியையும் வெட்டி எறிகிறார்கள். பொத்தானோடு நல்ல துணியும் போய்விடுகிறது. வேகமாக வெட்டுபவர்களின் விரல்களைப் பாருங்கள். பழைய தழும்புகள் இல்லாத கையே அரிது. வெறும் அலங்காரத்துக்காக, எதையும் மூடவோ திறக்கவோ உதவாத ரிவெட்டுகளை அடிக்கும் வழக்கத்தையாவது நிறுத்தலாம். பொத்தான் வேண்டிய இடத்தில் ஓர் இழுப்பில் கழன்றுவிடும் அமைப்பு வைக்கலாம். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகிவிடும் தையல் நூல் இப்போது கிடைக்கிறது. ஜிப்பும் பட்டையும் அதில் தைக்கப்பட்டிருந்தால் சூட்டறையில் வைத்ததும் தானாகவே பிரிந்துவிடும்.

தூசி என்று சொன்னேன். அதைத் தொழிலின் இயல்பு என்று கடந்துபோக எனக்கு மனமில்லை. அறுந்த இழையில் மிகக் குட்டையானதுதான் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போகிறது. பருத்தித் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நோய் மருத்துவத்துக்குப் புதிதில்லை. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது அதன் அடையாளம். தூசி உறிஞ்சியும் முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். அவற்றைத் தருவது ஆலை நடத்துபவர்களின் பொறுப்பு, அதை உங்கள் தலையில் கட்டமாட்டேன். ஆனால் எளிதில் விரியும் துணி வந்தால் அறுவது குறையும், தூசியும் குறையும். அந்தப் பகுதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

பிறகு, ஆடையின் உட்புறம் தைத்திருக்கும் முத்திரைத் துண்டில் உள்ள துணி விவரம். "100 சதவீதம் பருத்தி" என்று போட்டிருக்கும். தையல் நூல் பாலியெஸ்டராக இருக்கும். பல நாடுகளின் விதிகளே தையல் நூலையும் சில உட்பகுதிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விட்டுவைத்திருக்கின்றன. அந்த விதிகளை எழுதும் அதிகாரிகள் இந்த மடலைப் படித்தால், அவர்களுக்கும் இது ஒரு வேண்டுகோள்: கிழிப்பவனுக்குத் தையல் நூலும் துணிதான். போதாக்குறைக்கு, கழுத்தை உறுத்துகிறது என்று உடுத்துபவர்கள் முத்திரைத் துண்டையே கத்தரித்துவிடுகிறார்கள். அகச்சிவப்பு ஒளியால் இழையை அடையாளம் காணும் கருவிகள் உண்டு. ஆனால் அவை மேற்பரப்பை மட்டுமே படிக்கும். உள்ளே வேறு துணி இருந்தால் தெரியாது, கரி கலந்த கறுப்புச் சாயத்தில் தடுமாறும், 2 சதவீத ஸ்பான்டெக்ஸைப் பெரும்பாலும் கோட்டைவிடும். விவரத்தை முழுமையாக, துணியின் உட்புறத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். சலவைக்கு நிற்கும் மையில் அச்சிட்டால் போதும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கடைகளில் "மறுசுழற்சி செய்யப்பட்டது" என்ற அட்டையோடு தொங்கும் பாலியெஸ்டர் ஆடைகளில் பெரும்பகுதி பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து வந்தது. பழைய ஆடைகளிலிருந்து வந்ததில்லை. ஆடைக்கான மூலப்பொருளில் மீண்டும் ஆடையாவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று எல்லன் மெக்கார்த்தர் அறக்கட்டளை 2017-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அந்த அட்டையைப் பார்த்து, தன் பழைய சட்டையைச் சேகரிப்புப் பெட்டியில் போடுகிறவர் அது இன்னொரு சட்டையாகும் என்று நம்பித்தான் போடுகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் அளவுக்கு நல்ல துணி எங்களுக்கு வந்து சேரவில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 ஜனவரி 1 முதல் துணிக்கழிவைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. சேகரிப்பு கூடும், நல்லது. ஆனால் பெட்டியில் விழுவது கலப்புத் துணியாகவே இருந்தால், கூடுவது மெத்தைக்குள் போகும் பஞ்சு மட்டும்தான்.

நீங்கள் ஒரு துணியை உறுதி செய்வதற்கு முன்பு எத்தனை சோதனைகள் செய்கிறீர்கள்! சாயம் நிற்கிறதா, சுருங்குகிறதா, மேலே உருண்டை கட்டுகிறதா, எவ்வளவு இழுத்தால் கிழிகிறது என்றெல்லாம் அளக்கிறீர்கள். பட்டியலில் இன்னும் ஒரு சோதனையைச் சேருங்கள். மொத்த உற்பத்திக்கு உத்தரவு போடும் முன், தைத்து முடித்த மாதிரி ஆடைகளை ஒரு மூட்டை அளவுக்கு ஏதாவதொரு கிழிப்பு ஆலைக்கு அனுப்புங்கள். துணியாக அனுப்ப வேண்டாம்; ஜிப், பொத்தான், அச்சு, முத்திரை எல்லாவற்றோடும் ஆடையாகவே அனுப்புங்கள். வெட்டி எறிய எவ்வளவு நேரமானது, எவ்வளவு துணி வீணானது, மிஞ்சிய இழையின் நீளம் என்ன, நடுவில் இயந்திரத்தை எத்தனை முறை நிறுத்தினோம் என்று எழுதித் தருகிறோம். அந்தத் தாளை விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

முடிந்தால் நேரில் வாருங்கள். வடிவமைப்புப் படிக்கும் மாணவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்குப் பஞ்சிலிருந்து துணி வரையிலான பாதையைக் கற்றுத்தருகிறார்கள், திரும்பும் பாதையையும் கண்ணால் பார்க்கட்டும். வரும்போது தளர்ந்த கையுள்ள உடையும், கழுத்தில் தொங்கும் துணியும், அவிழ்த்த கூந்தலும் வேண்டாம். முகக்கவசம் நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
கிழிப்பு ஆலைப் பணியாளர் ஒருவர்