இருட்டில் வைக்கும் கிழங்குகள்

ஸ்காபரோ
18 செப்டெம்பர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. வட நோர்வேயின் திரொம்சோவில் முப்பது குளிர்காலங்களைக் கடந்த பின்னரும், நவம்பர் கடைசியில் சூரியன் மறைந்து ஜனவரி நடுப்பகுதியில் திரும்பும்வரையுள்ள ஏழு கிழமை இருட்டு மட்டும் உனக்குப் பழகவில்லை என்று எழுதியிருந்தாய். அதை வாசித்தபோது மனம் கனத்தது. இங்கே டிசெம்பரிலும் ஏறக்குறைய ஒன்பது மணிநேரம் பகல் உண்டு; உன் இருட்டோடு அதை ஒப்பிட எனக்கு உரிமையில்லை. ஆனாலும், நீ கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் முழுமையாக மறுமொழி சொல்ல முடியும் என்பதால் உடனே எழுத உட்கார்ந்தேன்.

போன நவம்பரில் துலிப் கிழங்குகளை வாங்கிச் சட்டியில் நட்டு, வரவேற்பறையில் வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாய். அப்படியிருந்தும் தண்டு எழும்பாமல், இலைகளுக்கு நடுவே மொட்டு அமுங்கிக் கருகிப்போனது ஏன் என்று கேட்கிறாய். கிழங்கில் பிழையில்லை. நீ கொடுத்த சூடுதான் காரணம். துலிப்பின் சொந்த நிலம் மத்திய ஆசியாவின் தியன்சான் மலைச்சரிவுகள். நீண்ட கடுங்குளிர், குறுகிய வசந்தம், வறண்ட கோடை என்ற ஒழுங்குக்குப் பழகிய செடி அது. கடையில் நீ வாங்கும்போதே அந்தக் கிழங்கின் நடுவில் பூ உருவாகியிருக்கும். கத்தியால் நெடுக்காகப் பிளந்தால் இதழும் மகரந்தக் காம்பும் சிறு வடிவில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பூவைத் தூக்கி நிறுத்தும் தண்டு நீள வேண்டுமானால், பன்னிரண்டு முதல் பதினாறு கிழமைவரை குளிரில் கிடந்தாக வேண்டும். அந்தக் குளிரில்தான் சேமித்த மாப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது, வேர் இறங்குகிறது, தண்டு நீள்வதற்கான ஆயத்தம் நடக்கிறது. நம்மூர் வேலியோரத்துக் காந்தள் கிழங்கு கோடை முழுவதும் மண்ணுக்குள் கிடந்து, மழை கண்ட பிறகு முளைவிட்டுக் கார்த்திகையில் பூக்குமே, அதைப்போலத்தான் இதுவும். அது வறட்சியைத் தாண்டி வருகிறது, இது குளிரைத் தாண்டி வருகிறது.

ஆகவே இந்த முறை தைப்பொங்கலிலிருந்து பின்னோக்கி நாளை எண்ணிக்கொண்டு தொடங்கு. பொங்கலுக்குப் பூக்க வேண்டுமென்றால் துலிப்பை விட்டுவிட்டு, அதைப்போலவே கிழங்கிலிருந்து பூக்கும் ஹயசிந்தை எடு. ‘ஸ்விபெல்’ என்று கேட்டால் உன் ஊர்க் கடைக்காரர் எடுத்துத் தருவார். ஜெர்மன் மொழியில் வெங்காயத்துக்கு வழங்கும் பெயரிலிருந்து வந்த சொல் அது, கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் பொருத்தம் விளங்கும். நத்தார் காலத்துக்கென்று பக்குவப்படுத்திய கிழங்குதானா என்று கேட்டு வாங்கு. அறுவடைக்குப் பிறகு வெப்பநிலையை மாற்றி வைத்து, பூ முன்கூட்டியே உருவாகும்படி செய்த கிழங்குகள் அவை. பத்துக் கிழமைக் குளிர் அவற்றுக்குப் போதும். ஒக்டோபர் முதற்கிழமையில் வைத்தால் டிசெம்பர் நடுப்பகுதியில் வெளியே எடுக்கலாம், பொங்கலையொட்டி மலரும்.

இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில் மண்ணே இல்லாமல் இதை வளர்க்கலாம். தண்ணீர் கிழங்கின் அடியைத் தொடாமல், ஒரு நூலளவு கீழே நிற்க வேண்டும், தொட்டால் அழுகிவிடும். பிறகு நான்கிலிருந்து ஒன்பது பாகை செல்சியசுக்குள் இருக்கும் இருட்டான இடத்தில் வை. உறையாத களஞ்சிய அறை இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் குளிர்சாதனப்பெட்டி உதவும், ஆனால் அதற்குள் அப்பிள் இருக்கக் கூடாது. நான் இதைப் பட்டு அறிந்தவன். என் மூன்றாவது குளிர்காலத்தில், ஒரு பை அப்பிளுக்குப் பக்கத்தில் பத்துக் கிழங்குகளைப் பன்னிரண்டு கிழமை வைத்திருந்தேன். பத்திலும் இலை வந்தது, ஒன்றில்கூடப் பூ வரவில்லை. பழம் கனியும்போது விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கொன்றுவிடுகிறது என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதம் காத்திருந்து வெறும் இலையைப் பார்த்த அந்தத் துயரம் உனக்கு வர வேண்டாம்.

வெள்ளை வேர்கள் குவளையின் அடிவரை இறங்கி, முளை ஒரு விரற்கணு அளவு உயர்ந்ததும் வெளியே எடு. நேரே சூடான அறைக்குக் கொண்டுபோகாதே. பதினைந்து பாகை அளவில் ஒரு கிழமை வைத்துவிட்டுப் பிறகு கூடத்துக்கு மாற்று. அங்கே பகலே இல்லாதபடியால் மேலே ஒரு எல்.ஈ.டி. விளக்கைப் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் எரியவிடு. பூவுக்கு வேண்டிய உணவெல்லாம் கிழங்கிலேயே இருக்கிறது. விளக்கு, தண்டு வெளிறி நெடுத்துச் சாயாமல் இருப்பதற்காக மட்டுமே.

குளிரே வேண்டாத கிழங்குப் பூக்கள் இரண்டும் உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அமரில்லிசை, கிழங்கைவிடச் சற்றே பெரிய சட்டியில் மேற்பாதி வெளியே தெரிய நட்டால் ஆறு முதல் எட்டுக் கிழமையில் பூக்கும். நவம்பர் நடுவில் நட்டால் சரியாக இருக்கும். மத்தியதரைக் கடற்கரையின் மிதமான குளிருக்குப் பழகிய பேப்பர்வைட் நான்கு முதல் ஆறு கிழமைக்குள் கூழாங்கல்லிலும் தண்ணீரிலுமே மலர்ந்துவிடும். அதன் வாசனை எனக்குத் தலைவலி தருகிறது, என் மனைவிக்கோ அதுதான் பிரியம். அது நெடுநெடுவென வளர்ந்து சாயாமல் இருக்க, வேர் பிடித்த பிறகு ஐந்து விழுக்காடு மதுசாரம் கலந்த தண்ணீரை ஊற்றலாம் என்று கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நாற்பது விழுக்காட்டு வொட்கா ஒரு பங்குக்குத் தண்ணீர் ஏழு பங்கு. நான் செய்து பார்த்தேன், உயரம் மூன்றிலொரு பங்கு குறைந்தது, பூ குறையவில்லை.

பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவை வெங்காயத்தைப் போலத் தோன்றினாலும் உண்ணத் தகாதவை. காந்தள் கிழங்கைத் தொடாதே என்று நம்மை அதட்டிய அதே காரணந்தான். ஹயசிந்தைக் கையுறை இல்லாமல் எடுத்தால் கை அரிக்கும்.

இவ்வளவையும் ஏன் இப்படி விரித்து எழுதுகிறேன் என்று நினைப்பாய். ரொறன்ரோவுக்கு வந்த முதல் ஆண்டு, வேலை தேடி அலைந்த ஒரு பெப்ரவரி நாளில், குளிருக்கு ஒதுங்க ஆலன் கார்டன்ஸ் பூங்காவின் கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்தேன். காசு கேட்காமல் உள்ளே விட்டார்கள். நீல ஹயசிந்தின் மணம் முகத்தில் அடித்தது. ஊரை விட்டு வந்த பிறகு பூவின் மணத்தை நான் முகர்ந்தது அன்றுதான். அங்கிருந்த வாங்கில் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு யாருக்கும் எழுதவில்லை. உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

மலைகள் மறைப்பதால், உன் நகரத்துக்குச் சூரியன் ஜனவரி 21 அன்றுதான் கண்ணில் படும் என்றும், சூரியனுக்குப் பொங்குகிற நாளில் சூரியனைக் காணாமல் பொங்குவதாகவும் எழுதியிருந்தாய். இந்தப் பொங்கலுக்குப் பானைக்குப் பக்கத்தில் ஹயசிந்துக் குவளை இருக்கட்டும். நானும் உன்னைப்போலவே ஒக்டோபர் முதற்கிழமையில் மூன்று குவளைகளை நிலவறையில் வைக்கிறேன். உன் குவளையில் வேர் இறங்கத் தொடங்கியதும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்