ப்ளூ ஸ்கிரீன் புகார் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஒரு ஜவுளிக்கடைக்கு நாங்கள் சர்வீஸ் செய்து கொடுத்த கணினி ஒன்று மறுபடியும் ப்ளூ ஸ்கிரீன் (நீலத் திரையில் பிழைச் செய்தி) காட்டி நின்றுவிட்டதாக, நம் கடைவீதி வணிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேரில் கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லிவிட்டோம். கேட்கத் தயங்கியவர்களுக்காகவே இம்மடல்.

கணினி நின்றது உண்மை. ஆனால், நல்ல ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தை, கழற்றி வைத்துக்கொண்டு பழையதை மாட்டிவிட்டோம் என்று அதில் எழுதியிருப்பதை எங்களால் ஏற்க இயலாது. இக்கடையில் எந்தக் கணினியைத் திறப்பதற்கு முன்பும், ரேம் மீது ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் வரிசை எண்ணை ஜாப் கார்டில் எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்குகிறோம். திருப்பித் தரும்போதும் அதே எண்ணைக் காட்டித்தான் மூடுகிறோம். அந்தக் கணினிக்குரிய ஜாப் கார்டு கடையில் இருக்கிறது. அதன் உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

கோளாறு இருந்தது ரேமில் அல்ல, கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டுள்ள லேன் பகுதியில், அதாவது கணினியைக் கேபிள் வழியாகப் பிணையத்துடன் இணைக்கும் பகுதியில். டேலி போன்ற கணக்கு மென்பொருள் பிழை செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். லேன் பகுதியை இயக்கும் மென்பொருளான லேன் டிரைவரோ விண்டோஸின் உட்கருவில் இயங்குவதால், அது தவறும்போது மேலும் சேதமாகாமல் தடுக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. (புதிய விண்டோஸ் 11-இல் அந்த நீலத் திரை இப்போது கறுப்பாகிவிட்டது, பொருள் ஒன்றுதான்.) தவிரவும், லேன் சிப், வந்து சேரும் தரவைப் பிராசஸரின் வழியாக அனுப்பாமல் நேராக ரேமில் எழுதுகிறது. அது இடம் மாறி எழுதிவிட்டால் திரையில் வரும் பிழை பார்ப்பதற்கு ரேம் கோளாறு போலவே இருக்கும். எங்கள் மேசையில் அக்கணினி மெமரி சோதனையில் தேறியது, இணையமும் தடையின்றி ஓடியது. ஜவுளிக்கடையில் லேன் வழியாக மற்றொரு கணினிக்கு டேலி பேக்கப்பை நகலெடுக்கும்போது மட்டுமே நின்றது.

உங்கள் கணினியும் இவ்வாறு நின்றால், முதலில் லேன் கேபிளைக் கழற்றிவிட்டு வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். நிற்காமல் ஓடினால் சந்தேகம் லேன் மீது விழும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப் ஃபைல்களை (கணினி நின்றபோது விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவுகளை) அழித்துவிடாதீர்கள். எந்த டிரைவரால் நின்றது என்பதை பெரும்பாலும் அவற்றிலிருந்தே கண்டுபிடிக்கிறோம். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கிப் போட்டாலே பல கணினிகள் சரியாகிவிடும். சிப்பே பழுதாகியிருந்தால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஆன்போர்டு லேனை அணைத்துவிட்டு, தனி லேன் கார்டு ஒன்றைப் பொருத்தினால் போதும்; மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. அந்த ஜவுளிக்கடைக் கணினிக்கும் அதையே செய்தோம், இப்போது பில் போட்டுக்கொண்டிருக்கிறது. இடி மின்னலின்போது மின்சார பிளக்கைப் பிடுங்குபவர்கள்கூட லேன் கேபிளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதன் வழியாகவும் மின்னழுத்தம் பாய்ந்து அந்த போர்ட் கெடுகிறது.

இத்தகைய சோதனைக்கு நேரம் பிடிப்பதாலும், எங்களிடம் நெடுநாள் பணியாற்றிய டெக்னீஷியன் சொந்த ஊருக்குச் சென்றுவிட்டதாலும், சோதனைக் கட்டணம் வரும் 1ஆம் தேதி முதல் 300 ரூபாயிலிருந்து 450 ரூபாயாகிறது.

குழுவில் அச்செய்தி வந்த அன்றே, நாங்கள் கேளாமலேயே எங்களுக்காகப் பதில் எழுதிய ஆடிட்டர் அலுவலக நண்பர்களுக்கும், வழக்கம்போலக் கணினிகளைக் கொண்டுவந்து ஒப்படைத்த இ-சேவை மையத்தாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. அந்த ஆதரவை நாங்கள் மறக்கமாட்டோம்.

இனி கணினியைக் கொண்டுவரும்போது, நீங்கள் பயன்படுத்தும் லேன் கேபிளையும் உடன் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்